ஃப்ரீபிஎஸ்டி 14.1: திங்க்பேட் டி480இல் திரை கறுத்து நின்றுவிடுகிறது

மெய்ப்புக்காரன் | 2024 ஜூலை 13

வணக்கம். என்னிடம் இருப்பது லெனோவோ திங்க்பேட் டி480. ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினியாக வாங்கியது. இன்டெல் ஐ5-8350யூ, யூஎச்டி 620 வரைகலை, 1920×1080 திரை, 16 ஜிபி நினைவகம். தனி என்விடியா சில்லு இல்லாத வகை.

சிற்றிதழ் ஒன்றுக்குப் பக்கம் கோத்துத் தருகிறேன். பக்கம் கோக்க லூவாலேடெக், மேசைத்தளமாக எக்ஸ்எஃப்சிஇ, பிடிஎஃப் பார்க்க ஒரு செயலி, இவ்வளவுதான் என் தேவை. கடந்த மார்கழியில் ஃப்ரீபிஎஸ்டி 14.0 இயங்குதளத்தை நிறுவினேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இந்த வாரம் ‘ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்’ வழியாக 14.1க்கு மேம்படுத்தினேன். அது கேட்ட இடத்தில் மறுதொடக்கம் செய்து, திரும்பவும் ‘இன்ஸ்டால்’ கொடுத்து, எல்லாம் கையேட்டில் சொன்னபடி. முதல் மறுதொடக்கத்திலேயே தகராறு தொடங்கிவிட்டது. வரைகலையே இல்லாமல் ஒற்றைப் பயனர் நிலையில் நுழைந்துதான் மீதியை முடித்தேன்.

நடப்பது இதுதான். கணினியைப் போட்டதும் கர்னல் (இயங்குதளத்தின் கரு) செய்திகள் வெள்ளை எழுத்தில் ஓடுகின்றன. வழக்கமாக நடுவில் ஓரிடத்தில் எழுத்துகள் சட்டென்று சிறுத்து, திரை முழுத் தெளிவுக்கு மாறும். இப்போது சரியாக அந்த இடத்தில் திரை கறுத்துவிடுகிறது. கேப்ஸ் லாக் விளக்கு எரிவதில்லை. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டுக்கும் அசையவில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது.

வரைகலைத் திரையை நடத்தும் எக்ஸ்ஆர்க்கின் பதிவுக் கோப்பை ஒட்டச் சொல்வீர்கள் என்று தெரியும். பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி அதையும் பார்த்துவிட்டேன். அங்கே இருக்கும் கடைசிப் பதிவின் தேதி, மேம்படுத்துவதற்கு முந்தைய நாள். அதில் ஒரு பிழையும் இல்லை.

ஆடி இதழ் புதன்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கோப்புகளின் நகல் வெளி வட்டில் இருக்கிறது. ஆனால் லூவாலேடெக்கும் என் எழுத்துருக்களும் இந்தக் கணினியில்தான். யாராவது வழிகாட்டுங்கள்.

---

வெள்ளைத்திரை | 2024 ஜூலை 13

எக்ஸ்ஆர்க்கின் அமைவுக் கோப்பு கெட்டிருக்கும். ஒற்றைப் பயனர் நிலையில் ‘எக்ஸ்ஆர்க் -கான்ஃபிகர்’ கொடுத்துப் புதிதாக ஒன்றை உண்டாக்குங்கள். அதில் திரை இயக்கியின் பெயரை ‘வெசா’ என்று மாற்றுங்கள். என் பழைய மடிக்கணினி இப்படித்தான் உயிர்பெற்றது.

அதுவும் சரிவரவில்லை என்றால் உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்கு எதற்கு பிஎஸ்டி?

---

பழைய சர்வர் | 2024 ஜூலை 13

அவர் கேட்டது பிஎஸ்டி வேண்டுமா வேண்டாமா என்று அல்லவே.

மெய்ப்புக்காரரே, எக்ஸ்ஆர்க்கின் மேல் கைவைக்காதீர்கள். அது இன்னும் ஓடவே தொடங்கவில்லை. அதற்கான சான்றை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். எக்ஸ்ஆர்க் ஒரு நொடி ஓடியிருந்தாலும் பழைய பதிவுக் கோப்புக்கு ‘ஓல்டு’ என்று வால் ஒட்டிவிட்டு, இன்றைய தேதியில் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கும். ஓடாத நிரலுக்கு அமைவுக் கோப்பு எழுதி என்ன பயன்?

எழுத்துகள் சிறுக்கும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதுவரை திரை, கணினியை முதலில் எழுப்பும் யூஇஎஃப்ஐ ஒதுக்கிக் கொடுத்த நினைவுப் பகுதியில் எழுதுவதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு தொடக்க நிரல், ஆர்சி.கான்ஃப் கோப்பில் ‘கேஎல்டி_லிஸ்ட்’ வரியில் உள்ள ஐ915கேஎம்எஸ் என்ற இன்டெல் வரைகலை மாட்யூலை (கர்னலோடு சேரும் துண்டு நிரல்) கர்னலுக்குள் ஏற்றுகிறது. அந்த மாட்யூல் திரையைத் தன் பொறுப்பில் எடுத்து, தெளிவை மாற்றுகிறது. சரியாக அங்கே நிற்கிறதென்றால் சந்தேகம் அந்த மாட்யூலின் மேல்தான்.

வெசாவைப் பற்றி ஒரு வார்த்தை, பின்னால் இதைப் படிப்பவர்களுக்காக. அது பழைய பயாஸ் அழைப்புகளை நம்பியிருக்கும் இயக்கி. யூஇஎஃப்ஐயில் தொடங்கிய கணினியில் அது செல்லாது. அங்கே கைகொடுப்பது ‘எஸ்சிஎஃப்பி’ இயக்கி. அதிலும் வரைகலை முடுக்கம் கிடையாது, வெளித்திரையை இணைக்க முடியாது. அவசரத்துக்கு ஆகும்.

உங்களுக்கு அதுவும் தேவைப்படாது. நிறுவும்போது தானியங்கி இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைத் தேர்ந்திருந்தால் இன்றிரவே வேலைக்குத் திரும்பலாம். ‘ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்’ எதையும் மாற்றுவதற்கு முன் அப்போதைய அமைப்பை ஒரு பூட் சூழலாக (அந்த நிலையிலிருந்தே கணினியைத் தொடங்க உதவும் நகல்) சேமித்து வைக்கிறது. கணினியைப் போட்டதும் வரும் தொடக்கப் பட்டியலில், வழக்கமான சில நொடிகள் கழிவதற்குள் ஏதாவது விசையைத் தட்டி நிறுத்துங்கள். ‘பூட் என்விரான்மென்ட்ஸ்’ என்றொரு வரி இருக்கும். அதற்குள் போனால் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம், 14.0 என்று தொடங்குபவற்றில், இந்த வாரத் தேதியுடன் இருக்கும் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கர்னல், பழைய மாட்யூல், பழைய லூவாலேடெக், எல்லாம் அப்படியே திரும்பும். உங்கள் வீட்டு அடைவு தனி இசட்எஃப்எஸ் பகுதியில் இருப்பதால் இதழின் பக்கங்கள் இன்றைய நிலையிலேயே இருக்கும், பின்னோக்கிப் போகாது. முதலில் இதழை அனுப்புங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

---

மெய்ப்புக்காரன் | 2024 ஜூலை 18

ஐயா, இதழ் போய்விட்டது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். அதற்குள் இப்படியொரு புதையல் இருப்பது தெரியாது. மிக்க நன்றி.

இனி 14.1. பழைய சூழலில் இருந்தபடியே ‘பிஇசிடிஎல் மவுன்ட்’ கொண்டு புதிய அமைப்பைத் திறந்து, அதன் ஆர்சி.கான்ஃபில் ஐ915கேஎம்எஸ் என்பதை எடுத்துவிட்டேன். இப்போது 14.1 ஒழுங்காகத் தொடங்கி, பெரிய எழுத்தில் ‘லாகின்’ வரை வருகிறது. ‘ஸ்டார்ட்எக்ஸ்’ கொடுத்தால் இப்படி முடிகிறது:

‘கேனாட் ரன் இன் ஃப்ரேம்பஃபர் மோட். ப்ளீஸ் ஸ்பெசிஃபை பஸ்ஐடிஸ் ஃபார் ஆல் ஃப்ரேம்பஃபர் டிவைசஸ்.’

வரைகலை மாட்யூலைக் கையால் ஏற்றினால் அதே கறுப்புத் திரை. அந்த மாட்யூல் வரும் பொதியின் பெயர் டிஆர்எம்-515-கேமாட். ‘பிகேஜி இன்ஃபோ’ கொடுத்தபோது அடியில் ‘ஃப்ரீபிஎஸ்டி_வெர்ஷன்: 1400097’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ‘யூநேம் -கே’ (பெரிய கே) கொடுத்தால் 1401000 என்று வருகிறது. ‘பிகேஜி அப்கிரேட்’ கொடுத்தால் எல்லாம் புதிதாகவே இருக்கிறது என்கிறது.

அந்த பஸ்ஐடியை எழுதிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

---

பழைய சர்வர் | 2024 ஜூலை 18

பஸ்ஐடியை எழுதாதீர்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இல்லாத அமைவுக் கோப்பை உருவாக்கி, ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வரிக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: வரைகலை மாட்யூல் ஏறவில்லை, எக்ஸ்ஆர்க்குக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

நீங்கள் தந்த இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. 1400097 என்பது 14.0. 1401000 என்பது 14.1. உங்கள் கர்னல் புதியது; மாட்யூல் முந்தைய கர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது.

இது ஏன் நடக்கிறது? 14 வரிசைக்கான பொதிகள் எல்லாம் ஒரே முறைதான் தொகுக்கப்படுகின்றன. ஆதரவில் இருக்கும் 14 பதிப்புகளில் எது மிகப் பழையதோ, அதன்மேல். இப்போது அது 14.0. பயர்பாக்ஸுக்கும் லூவாலேடெக்குக்கும் இதனால் ஒரு கேடும் இல்லை, பழைய 14இல் தொகுத்த நிரல் புதிய 14இல் ஓடும். கர்னல் மாட்யூலின் கதை வேறு. இந்த வரைகலை இயக்கி லினக்ஸிலிருந்து வந்தது. 515 என்பது லினக்ஸ் 5.15ஐக் குறிக்கிறது. அது ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்குள் ‘லினக்ஸ்கேபிஐ’ என்ற இடையடுக்கின் மேல் நிற்கிறது. அந்த அடுக்கு ஒவ்வொரு பதிப்பிலும் மாறுகிறது. ஒரு தரவுக் கட்டமைப்பின் நடுவில் ஒரு புலம் கூடினாலும் போதும், பழைய மாட்யூல் பழைய இடத்திலேயே கைவைக்கும். அங்கே இப்போது வேறு ஏதோ இருக்கும். கேப்ஸ் லாக் விளக்குகூட எரியாமல் உறைந்தது அதனால்தான்.

இதில் இன்னொரு குரூரம் உண்டு. புதிய கர்னலுக்குத் தொகுத்ததைப் பழைய கர்னலில் ஏற்ற முயன்றால் ‘வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று கர்னலே கதவடைத்துவிடும். கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் அழகாகத் தெரியும். பழையதைப் புதியதில் ஏற்றினால், முதல் எண் 14 என்று ஒன்றாக இருப்பதால், வாசலில் யாரும் தடுப்பதில்லை. உள்ளே போய்த்தான் விழுகிறது. உங்களுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை.

14.0க்கான ஆதரவு 2024 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அதன்பின் பொதிகள் 14.1இன்மேல் தொகுக்கப்படும், தொல்லை தானாகத் தீரும். அதுவரை 14.0இலேயே இருப்பதும் முழுக்க நியாயமான முடிவுதான். அவசரமில்லை என்றால் நானே அதைத்தான் சொல்வேன். இப்போதே 14.1 வேண்டுமென்றால் மாட்யூலை உங்கள் கணினியிலேயே தொகுக்க வேண்டும். டி480க்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு காபி குடிக்கும் நேரத்துக்குச் சற்றுக் கூடலாம்.

முதலில் கர்னலின் மூலநிரல் வேண்டும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கு உரியது. மூலநிரலை இறக்கும் கருவியான கிட் கொண்டு ‘ரெலெங்/14.1’ கிளையை யூஎஸ்ஆர்-எஸ்ஆர்சி அடைவில் இறக்குங்கள். ஆழம் 1 என்று கொடுத்தால் முழு வரலாறும் இறங்காது. அடுத்து போர்ட்ஸ் மரம், அதாவது பொதிகளை மூலநிரலிலிருந்து தொகுக்கும் செய்முறைகளின் தொகுப்பு. அதை இறக்கித் தந்த ‘போர்ட்ஸ்னாப்’ 14இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே அதையும் கிட் வழியாகத்தான் எடுக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: உங்கள் பொதிகள் காலாண்டுக் களஞ்சியத்திலிருந்து வருகின்றன என்றால் போர்ட்ஸிலும் அதே ‘2024க்யூ3’ கிளையை எடுங்கள். முதன்மைக் கிளையை எடுத்து இரண்டையும் கலந்தால், பின்னால் சார்புப் பொதிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

பிறகு போர்ட்ஸில் கிராஃபிக்ஸ் பிரிவுக்குள் டிஆர்எம்-515-கேமாட் அடைவுக்குப் போய், பழையதை ‘டீஇன்ஸ்டால்’ செய்து, ‘மேக் இன்ஸ்டால் க்ளீன்’. இன்னும் புதிய இயக்கி வேண்டுமே என்று தேட வேண்டாம். யூஎச்டி 620 2017இல் வந்தது, 5.15க்கு அது நன்றாகப் பழகிய சில்லு.

முடிந்ததும் ‘பிகேஜி லாக்’ கொண்டு அந்தப் பொதியைப் பூட்டிவிடுங்கள். மறந்தால், ஏதோ ஒரு நாள் ‘அப்கிரேட்’ நீங்கள் தொகுத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு 14.0க்கானதை மறுபடி கொண்டுவந்து வைக்கும்.

ஆர்சி.கான்ஃபில் உடனே திரும்பச் சேர்க்காதீர்கள். கையால் ஏற்றிப் பாருங்கள். வீட்டில் இன்னொரு கணினி இருந்தால் அதிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து ஏற்றுவது மேல். திரை போனாலும் டிமெசேஜைப் படிக்கலாம். நலமாக ஏறினால் பிறகு ‘கேஎல்டி_லிஸ்ட்’ வரியில் சேருங்கள். லோடர்.கான்ஃபில் அல்ல, ஆர்சி.கான்ஃபில்தான். லோடர் கட்டத்தில் இந்த மாட்யூலை ஏற்றுவது மிகவும் முந்திய வேலை, அங்கேயே தொங்கிப்போகும் கணினிகள் உண்டு.

---

செம்பருத்தி | 2024 ஜூலை 19

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஏஎம்டி ரைசன் மடிக்கணினி. யூஇஎஃப்ஐயில் ஏஎம்டிஜிபியூ மாட்யூல் ஏறும்போது இதே போலக் கறுத்தது. ‘எச்டபிள்யூ.சிஸ்கான்ஸ்.டிசேபிள்=1’ என்று லோடர்.கான்ஃபில் போட்டபின் சரியானது. இவருக்கும் உதவுமா?

---

பழைய சர்வர் | 2024 ஜூலை 19

ஏஎம்டியில் அது அறிந்த வைத்தியம்தான். யூஇஎஃப்ஐ கொடுத்த திரைப்பகுதியும் இயக்கியும் ஒரே நினைவகத்துக்கு மோதிக்கொள்வதைத் தவிர்க்கிறது. இன்டெல்லுக்குத் தேவையில்லை. அதைப் போட்டால் மாட்யூல் ஏறும்வரை திரையில் ஒன்றுமே தெரியாது. பிழை தேடும் நேரத்தில் நாமே நம் கண்ணைக் கட்டிக்கொள்வானேன்.

---

மெய்ப்புக்காரன் | 2024 ஜூலை 21

ஏறிவிட்டது! தங்கையின் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஏற்றினேன். எழுத்துகள் சிறுத்தன, திரை நின்றது. ‘ஸ்டார்ட்எக்ஸ்’ கொடுத்ததும் எக்ஸ்எஃப்சிஇ வந்தது. ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’வில் மென்பொருள் வழி வரைதல் இல்லை, ‘மேசா இன்டெல் யூஎச்டி கிராஃபிக்ஸ் 620’ என்றே காட்டுகிறது. எச்டிஎம்ஐயில் வெளித்திரையும் வேலை செய்கிறது. ஒரு பக்கம் மூலப்படி, ஒரு பக்கம் கோத்த பக்கம் என்று வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று சில்லறைக் கேள்விகள். டிமெசேஜில் ‘கேபிஎல்_டிஎம்சி’ என்ற ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) கிடைக்கவில்லை, மின்சேமிப்பு நிறுத்தப்படுகிறது என்று ஒரு வரி வருகிறது. திரையின் ஒளியைக் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை. இரவில் கண் கூசுகிறது. மூன்றாவது, நண்பர் ஒருவர் எக்ஸ்எஃப்86-வீடியோ-இன்டெல் பொதியையும் போடச் சொல்கிறார். போடலாமா?

---

செம்பருத்தி | 2024 ஜூலை 21

முதலிரண்டுக்கும் நான் சொல்கிறேன். ரூட் பயனராக ‘எஃப்டபிள்யூகெட்’ என்று மட்டும் தட்டுங்கள். 14.0இலிருந்து அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது. உங்கள் வன்பொருளைப் பார்த்து, தேவையான ஃபர்ம்வேர் பொதிகளை அதுவே நிறுவும். பிறகு மறுதொடக்கம்.

ஒளிக்கு ‘பேக்லைட்’ என்ற கட்டளை, இது 13.0இல் வந்தது. ‘பேக்லைட் 40’ என்றால் நாற்பது விழுக்காடு. எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்பில் ‘பேக்லைட் டெக்ர் 10’, ‘பேக்லைட் இன்க்ர் 10’ இரண்டையும் எஃப்5, எஃப்6 விசைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பயனர் கணக்கு ‘வீடியோ’ குழுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி மறுக்கும். திங்க்பேட் விசைகள் கர்னலுக்கே எட்டவில்லை என்றால் ஏசிபிஐ_ஐபிஎம் மாட்யூலையும் ஏற்றுங்கள்.

---

பழைய சர்வர் | 2024 ஜூலை 21

மூன்றாவதற்கு: வேண்டாம். எக்ஸ்ஆர்க்குக்குள்ளேயே ‘மோட்செட்டிங்’ இயக்கி இருக்கிறது, அது போதும். நண்பர் சொல்லும் இன்டெல் இயக்கியின் கடைசி முறையான வெளியீடு 2.99.917, 2014 டிசம்பரில். உங்கள் சில்லு பிறக்கும் முன்பே. அதைப் போட்டால்தான் படம் நகரும்போது திரை கிழிவதுபோல் தெரிவது நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். முதலில் எக்ஸ்எஃப்சிஇயின் கம்போசிட்டரில் ‘விபிளாங்க்’ அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்று, பக்கம் கோப்பவர் என்பதால். தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ், ஃபிசிட்எக்ஸ் என்று எந்த உள்ளீட்டுக் கருவியையும் நிறுவ வேண்டியதில்லை. ‘செட்எக்ஸ்கேபிமேப்’ கட்டளையில் தளவமைப்பு ‘யூஎஸ்,இன்’, வகை ‘,டாம்_டமில்நெட்’ (காற்புள்ளிக்கு முன் எதுவும் இல்லை) என்று கொடுத்து, மாற்றுவதற்கு ஒரு விசையையும் ஒதுக்கினால் போதும். ஆனால் புள்ளியைத் தானாக வைத்துக்கொள்ளும் வசதி இதில் கிடைக்காது, ஒவ்வொரு புள்ளியையும் நீங்களே தட்ட வேண்டும். அது எரிச்சலூட்டினால் எம்17என் உள்ளீட்டு முறையின் பக்கம் போங்கள்.

---

மெய்ப்புக்காரன் | 2024 ஜூலை 22

ஃபர்ம்வேர் வந்தது, ஒளியும் குறைகிறது. புள்ளியை நானே வைத்துப் பழகியவன்தான், ஆகவே செட்எக்ஸ்கேபிமேப்பே போதும். இருவருக்கும் நன்றி.

---

பழைய சர்வர் | 2024 டிசம்பர் 8

இந்த இழையைத் தேடி வருபவர்களுக்காக. டிசம்பர் 3 அன்று 14.2 வெளிவந்துவிட்டது. இதே கறுப்புத் திரை மறுபடி வராமலிருக்க இந்த முறை ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கர்னல் மாட்யூல்களுக்கு மட்டும் ‘ஃப்ரீபிஎஸ்டி-கேமாட்ஸ்’ என்று தனிக் களஞ்சியம். அதில் இருப்பவை அந்தந்தப் பதிப்பின் கர்னலின்மேலேயே தொகுக்கப்பட்டவை. இடிசி-பிகேஜி அடைவில் உள்ள ஃப்ரீபிஎஸ்டி.கான்ஃபில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பை முன்பு கையால் திருத்தியிருந்தால், மேம்படுத்தும்போது இரண்டையும் இணைக்கச் சொல்லிக் கேட்கும். புதிய பகுதியை விட்டுவிடாதீர்கள்.

மெய்ப்புக்காரரே, 14.2க்குப் போகும்போது உங்கள் ஜூலைப் பூட்டு இன்னும் இருக்கும். ‘பிகேஜி அன்லாக்’ செய்து, நீங்கள் தொகுத்ததை நீக்கிவிட்டு, ‘-ஆர் ஃப்ரீபிஎஸ்டி-கேமாட்ஸ்’ என்று களஞ்சியத்தைச் சுட்டி மறுபடி நிறுவுங்கள். அதற்கு முன், மேம்படுத்தத் தொடங்கும்போதே, ஆர்சி.கான்ஃபிலிருந்து ஐ915கேஎம்எஸ்ஸை எடுத்துவிடுங்கள். முதல் மறுதொடக்கத்தின்போது பழைய மாட்யூல்தானே இருக்கும்.

---

மெய்ப்புக்காரன் | 2024 டிசம்பர் 9

பார்த்தேன் ஐயா. தை இதழ் அச்சுக்குப் போனபின் தொடுகிறேன்.